படுவான்கரையில் நாலாவது பெட்டி எங்கே போனது?

கிண்ணையடி:
கனடாவில் இருந்து லீவுக்கு வந்த கூட்டாளி ஒருவன் எங்கள் ஐந்து பேரையும் ஜியோகேஷிங்குக்குள் இழுத்துவிட்டான். ஒருவர் பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைச் சொல்வார். மற்றவர்கள் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். இவன் மாமாவின் மோட்டார் சைக்கிளில் போய் நாலு பெட்டி வைத்தான், அடுத்த நாள் பிளேன் ஏறிவிட்டான். எங்களோடு ஒரு அடிகூட நடக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு மட்டக்களப்பு வாவிக்கரைக் குருமண்வெளியில் பாதை ஏறினோம். (வெளியூராருக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை. எங்களோடு வந்த திருகோணமலைக்காரன், "பாதை இன்னும் வரவில்லையே" என்று நாங்கள் சொன்னதும் முழித்த முழி இருக்கிறதே!) வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், மண்டூரில் இறங்கி வெள்ளாவெளிப் பக்கம் நடை. முதல் பெட்டி கரையிலேயே, கிண்ணை மர வேருக்குள். இரண்டாவது ஒரு மதகின் அடியில். மூன்றாவதுக்கு நாற்பது நிமிடம் போனது. இடிந்த வாடி (வயல் குடிசை) ஒன்றின் மூலைக்கம்பில் மாத்திரைப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான், கண்ணுக்கு நேரே.

முதல் மூன்றும் போனுக்கு அனுப்பிய புள்ளிகள். நாலாவதின் எண் மட்டும் அந்தப் போத்தலுக்குள் சுருட்டிய துண்டில், அவனுடைய கோழிக்கால் எழுத்தில். போனில் அடித்துக்கொண்டு போனால் ஒரு வட்டையின் (வயல்வெளியின்) நட்டநடுவே கொண்டுபோய் நிறுத்தியது. வெள்ளாமை குடலைப் பருவம் (கதிர் வெளிவர முந்திய நேரம்), உள்ளே கால் வைக்க முடியாது. வரம்பாலேயே இரண்டு தரம் சுற்றினோம். மரம் இல்லை, கல் இல்லை, ஒரு கட்டைகூட இல்லை.

அதற்குள் வாடியில் இருந்து ஒரு பெரியவர் வந்துவிட்டார். "என்ன மனே, புதையலா?" இல்லை அப்பா, விளையாட்டு என்றோம். கூட்டிப்போய் வெறுந்தேத்தண்ணி தந்தார். பாதி குடித்ததும் குரலைத் தாழ்த்தி, "சரி, இப்ப சொல்லுங்க, புதையல்தானே?" என்றார். நாலு மணிக்கு மேல் நிற்கவேண்டாம், மூன்று நாளாக ஒரு தனியன் யானை வருகுது என்று அவரே எங்களைத் திருப்பியும் அனுப்பினார்.

துண்டில் இருந்த எண்ணின் வால்: வடக்கு 29.20, கிழக்கு 44.15. கூட்டாளியைக் கேட்டால் "தேடுங்கடா" என்கிறான். ஜிபிஎஸ் பிழையா, இல்லை யாராவது எடுத்துவிட்டார்களா?

வரம்போரம்:
பெட்டியை விடுங்கள் தம்பி, அந்தப் பெரியவர் கேட்டதில் பிழையே இல்லை. நம் பக்கத்தில் பொடியன்மார் நாலைந்து பேர் போனைப் பார்த்துக்கொண்டு மரத்தடியைக் கிளறினால், பார்ப்பவருக்குப் புதையல் கூட்டம்தான். அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். உங்கள் விளையாட்டிலும் பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது விதி, அதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த தரம் போகும்போது வயல் காரியம் பார்க்கும் வட்டை விதானையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். மண்வெட்டி வேண்டாம், அலவாங்கு வேண்டவே வேண்டாம்.

சங்கிலியும்கோலும்:
முப்பது வருடம் நில அளவையில் குப்பை கொட்டியவன் என்பதால் இதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. போனில் எப்படி அடித்தீர்கள்? 29 நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்), 20 செக்கன் என்றா?

கிண்ணையடி:
ஓம் அண்ணா. 29 நிமிடம் 20 செக்கன், 44 நிமிடம் 15 செக்கன். வேறு எப்படி அடிப்பது?

சங்கிலியும்கோலும்:
அங்கேதான் சறுக்கியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டுக்காரர் செக்கனே எழுதுவதில்லை, நிமிடத்தைத் தசமத்தில் எழுதுவார்கள். வழக்கமாகப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும். உங்கள் ஆள் இரண்டோடு விட்டதால் செக்கன் மாதிரித் தெரிந்துவிட்டது. 29.20 நிமிடம் என்றால் 29 நிமிடமும் 12 செக்கனும். 44.15 என்றால் 44 நிமிடமும் 9 செக்கனும். ஆக வடக்கே 8 செக்கன், கிழக்கே 6 செக்கன் கூட அடித்திருக்கிறீர்கள். நம் இடத்தில் ஒரு செக்கன் ஏறக்குறைய 30.7 மீட்டர். வடக்கே 246, கிழக்கே 184, குறுக்கே பார்த்தால் 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் நின்ற வரம்பில் இருந்து தென்மேற்கே அவ்வளவு தூரத்தில் என்ன இருக்கிறது?

ஜிபிஎஸ்ஸைத் திட்டவேண்டாம். 2000 மே 2ஆம் திகதி வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. அந்தக் காலத்திலேயே பிழை 100 மீட்டர் அளவில்தான். அதை நிறுத்திய மறுநாளே அங்கே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் முதல் வாளியை ஒளித்துவைத்தார், இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. இப்போது வெட்டவெளியில் போன் 5 மீட்டருக்குள் காட்டும். மரத்தடியில் கூடக்குறைய ஆடும், ஆனால் 300 மீட்டர் ஆடாது.

கிண்ணையடி:
தென்மேற்கே வாய்க்கால் திரும்பும் இடத்தில் பெரிய மருதமரம் ஒன்று நிற்கிறது! அதன் நிழலில் இருந்துதான் மத்தியானம் சோத்துப் பார்சல் அவிழ்த்தோம். திருகோணமலைக்காரன் வேரில் தலைவைத்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டான்.

வரம்போரம்:
தலையணைக்குள் பெட்டி.

கிண்ணையடி:
இன்று போய் வந்தோம். இரண்டு பேர்தான், மற்றவர்களுக்குக் கால் வலியாம். மண்டூர்ச் சந்தியில் வெற்றிலை வாங்கி முதலில் பெரியவரின் வாடிக்குப் போய், அவரையும் கூட்டிக்கொண்டே மரத்தடிக்குப் போனோம். வேர் இடுக்கில் பட்டைத் துண்டால் மூடி ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அவன் உள்ளே டொபி போட்டு வைத்திருக்கிறான். மூடியின் ஒரு மூலையை அணில் கொறித்திருந்தது, டப்பா நிறையச் சுள்ளெறும்பு, கொப்பி ஒட்டிப்போய்ப் பணியாரம் மாதிரி. கையில் கடி வாங்கிக்கொண்டு மட்டையின் உட்பக்கத்தில் பெயர் எழுதினோம். பெரியவரும் எழுதினார்.

சங்கிலியும்கோலும்:
அந்த ஒரிகன்காரரும் முதல் வாளியிலேயே பீன்ஸ் டின் ஒன்று போட்டிருந்தாராம் தம்பி. ஆனால் அது டின். டொபிக்குக் கனடாக்காரன் என்ன சொல்கிறான்?

கிண்ணையடி:
எறும்புப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. பெரியவர்தான் ஆற்றுக்கரை வரை வழியனுப்ப வந்து, "இவ்வளவு தூரம் ஒரு டொபிக் கடதாசிக்கா வந்தீங்க மனே" என்று மூன்று தரம் கேட்டார். இன்னமும் நம்பவில்லை.