தினசரி வேலைப் பயணத்துக்கு ஹப் கியரா, வெளி கியரா?

நால்வர் விவாதம்: அச்சாணி, மேட்டுவழி, டயர்லீவர், நடுவழி

அச்சாணி

ஒரு வழி 5 முதல் 12 கி.மீ. வரை தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஹப் கியர்தான் சரி என்பது என் கட்சி. வெளி கியரில் பின்சக்கரத்தில் 8, 9 பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். டீரெய்லர் செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும். ஹப் கியரில் அத்தனை கியரும் பின்சக்கரத்தின் நடுவே உள்ள குடமான ஹப்புக்குள்ளேயே அடைபட்டிருக்கும். வெளியே தெரிவது ஒரு பல்சக்கரமும் நேர்கோட்டில் ஓடும் செயினும் மட்டும்.

முதல் காரணம் சிக்னல். திடீரென்று நிற்க வேண்டி வந்தால், ஹப் கியரில் நின்ற இடத்திலேயே கியரை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். வெளி கியரில் பெடல் சுற்றினால்தான் கியர் மாறும். பெரிய கியரிலேயே மாட்டிக்கொண்டு எழுந்து மிதித்துக் கிளம்பும்போது முழங்காலும் செயினும் சேர்ந்து அடி வாங்கும்.

இரண்டாவது செயின். செயின் பக்கவாட்டில் நகராததால் அதை முழுக்க மூடும் கவர் போடலாம். மழைநீரும் மணலும் உள்ளே போகாது, பேண்டில் கறையும் படாது.

மூன்றாவது நிறுத்துமிடம். பத்துச் சைக்கிள் நெருக்கி நிற்கும் இடத்தில் ஒன்று வலப்பக்கம் சாய்ந்தால் முதலில் அடிபடுவது டீரெய்லர். அதைத் தாங்கும் ஹேங்கர் சில மி.மீ. வளைந்தாலே கியர் எல்லாம் தாறுமாறாகிவிடும். ஹப் கியரில் அப்படி நீட்டிக்கொண்டு தொங்கும் பாகமே இல்லை.

மேட்டுவழி

சமதளத்துக்கு இது பொருந்தலாம். மேடு இருந்தால் கணக்கு மாறும். பேச்சாக விடாமல் போட்டே பார்ப்போம்.

37 மி.மீ. டயர் போட்ட 700 அளவு சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.17 மீட்டர் நகரும். முன்னே 38 பல், பின்னே 19 பல் வைத்த மூன்று கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். ஷிமானோ நிறுவனத்தின் நெக்ஸஸ் மூன்று கியர் ஹப்பின் விகிதங்கள் (பின் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது) 0.733, 1, 1.364. முதல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 3.18 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 11.4 கி.மீ.

ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 95 கிலோ என்று கொள்வோம். 8 சதவீத மேட்டில் இந்த வேகத்துக்கு, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 237 வாட் வேண்டும். டயர் உராய்வைச் சேர்த்தால் 260ஐத் தொடும். பயிற்சி இல்லாதவர் 100 முதல் 150 வாட்டைத்தான் நிதானமாகத் தொடர முடியும். மேடு முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடும். இல்லையென்றால் சுற்றைக் குறைத்து முழங்காலால் அமுக்க வேண்டும்.

வெளி கியரில் முன்னே 34, பின்னே 34 வைத்தால் ஒரு சுற்றுக்கு 2.17 மீட்டர். அதே 60 சுற்றில் மணிக்கு 7.8 கி.மீ., தேவை 180 வாட்டுக்குப் பக்கம். இதுவும் எளிதல்ல, ஆனால் ஏறிவிடலாம். வேர்வையில் நனையாமல் வேலைக்குப் போய்ச் சேர்வது இந்த ஒரு கியரில்தான் இருக்கிறது.

அச்சாணி

கணக்கு சரி. ஆனால் எடுத்துக்கொண்ட ஹப் மூன்று கியர். நெக்ஸஸ் எட்டு கியரின் முதல் விகிதம் 0.527, கடைசி 1.615. முன்னே 38, பின்னே 20 வைத்தால் முதல் கியரில் ஒரு சுற்றுக்கு அதே 2.17 மீட்டர். உங்கள் 34க்கு 34 எங்கே இறங்குகிறதோ அங்கேயே இதுவும் இறங்குகிறது. கடைசிக் கியரில் 6.66 மீட்டர், 70 சுற்றில் மணிக்கு 28 கி.மீ. வேலைக்குப் போகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மேட்டுவழி

வீச்சு போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹப் ஒன்றே இரண்டு கிலோவுக்குப் பக்கம், அதுவும் முழுக்கப் பின்சக்கரத்தில். படிக்கட்டில் தூக்குகிறவர்களைக் கேளுங்கள். உள்ளே கிரக கியர்கள் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிவரும் சிறு பல்சக்கரங்கள்) சுழல்வதால் சில சதவீத உழைப்பு அங்கேயே தொலைகிறது. சுத்தமாக வைத்த வெளி கியர் செயினில் இழப்பு இதைவிடக் குறைவு.

இன்னும் எளிதான கியர் வேண்டுமென்று பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. முன் பல், பின் பல் விகிதத்துக்குத் தயாரிப்பாளர்கள் ஒரு கீழ் வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஹப்புக்குள் போகும் முறுக்குவிசை கூடி, உள்ளிருக்கும் பற்கள் முறியலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் பின்சக்கர பஞ்சர். வெளி கியரில் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுவந்து, பிரேக்கைத் தளர்த்தி, லீவரைத் திறந்தால் சக்கரம் கையில். ஹப் கியரில் என்ன செய்வீர்கள்? காலை நேரத்தில், மழையில்?

டயர்லீவர்

பஞ்சர் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். ஹப் கியர் சக்கரத்தைக் கழற்றுவது கடினமல்ல, வரிசை தவறினால்தான் வம்பு. நெக்ஸஸ் எட்டுக்கு இப்படி:

கியரை 1க்குக் கொண்டு வாருங்கள், கேபிள் தளரும். ஹப் ஓரத்தில் கேபிளைச் சுற்றும் வளையத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் 2 மி.மீ. ஆலன் கீயைச் செருகிச் சுழற்றினால் கேபிள் நுனி போல்ட் வெளியே வரும். பின்பிரேக் கேபிளோ பிரேக் கையோ ஃபிரேமில் மாட்டியிருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். பிறகு 15 மி.மீ. ஸ்பேனரால் இரண்டு நட்டையும் தளர்த்துங்கள். நட்டுக்கு அடியில் நாக்கு வைத்த வாஷர் இருக்கும். அச்சு சுழலாமல் பிடிப்பது அதுதான். இடதும் வலதும் வேறு வேறு, நிறத்தைப் பார்த்து அந்தந்தப் பக்கமே திரும்பப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் கேபிள் வளையம் கோணலாக நின்று கியர் சரியாக விழாது.

திரும்ப மாட்டும்போது செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் மொத்தம் 10 முதல் 15 மி.மீ. ஆட வேண்டும். பெடலைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். முன் பல்சக்கரம் எப்போதும் கொஞ்சம் கோட்டம் இருக்கும். தளர்ந்த இடத்தில் அளந்து வைத்தால் இறுகிய இடத்தில் பேரிங்கை இழுத்துத் தேய்க்கும். நட்டை 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். கடைசியில் கியரை 4இல் வைத்து, ஹப்பில் உள்ள இரண்டு மஞ்சள் கோடுகளும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று கியரில் இந்தச் சோதனையை 2ஆம் கியரில் செய்வார்கள்.

இத்தனையும் வழியில் தேவையில்லை என்பதுதான் முக்கியம். சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம். டயரின் ஒரு ஓரத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, பஞ்சரான பகுதி ட்யூபை வெளியே இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு மங்கும் வரை நாலைந்து நிமிடம் விட்டு, பிறகு பேட்ச்சை அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்ச் வைப்பதால்தான் பாதி ஒட்டு பிய்கிறது. மூடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் துழாவுங்கள். குத்திய கண்ணாடியோ கம்பியோ அங்கேயே இருந்தால் அரை கி.மீ.யில் மறுபடியும் காற்று இறங்கும்.

நடுவழி

இது ட்யூபில் ஓட்டை தெரிந்தால்தான். வால்வ் அடியில் கிழிந்தால்?

டயர்லீவர்

கிழிந்தால் ஒட்ட முடியாது. புது ட்யூப்தான், சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த இடம் கிழிவதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம். டயர் ரிம்மில் நழுவி ட்யூபை இழுக்கும், வால்வ் சாய்ந்து நிற்கும். சாய்ந்த வால்வைக் கண்டால் அன்றே காற்றை இறக்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்துவிடுங்கள்.

75 கிலோ ஆளுக்கு 37 மி.மீ. டயரில் பின்னே 55 முதல் 60 பிஎஸ்ஐ, முன்னே ஐந்தாறு குறைவு, இதுவே தொடக்கத்துக்குப் போதும். பின்கேரியரில் லேப்டாப்பும் சாப்பாடும் வைத்தால் பின்னே கொஞ்சம் கூட்டலாம். டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச வரம்பு வரை அடிக்க வேண்டியதில்லை. குழியில் அதிரும், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். ரொம்பக் குறைத்தால் குழி விளிம்பில் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி அடுத்தடுத்து இரண்டு வெட்டு விழும். அப்படி இரட்டை வெட்டு வந்தால் ஆணியைத் தேடாதீர்கள், பம்பைத் தேடுங்கள். ட்யூபிலிருந்து காற்று தானாகவே கசியும், வாரம் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும்.

நீங்கள் இருவரும் கியருக்குச் சண்டை போடுகிறீர்கள். வேலைக்குத் தாமதமாக்குவதில் டயர்தான் முதல் ஆள்.

மேட்டுவழி

சரி, பஞ்சர் வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஹப் கியரில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பழைய மூன்று கியர் ஹப்பில் கேபிள் சரியாக இல்லாவிட்டால் 2க்கும் 3க்கும் நடுவே ஒன்றும் பிடிக்காத ஒரு நிலை வரும். எழுந்து நின்று அழுத்தும்போது அங்கே விழுந்தால் பெடல் காற்றில் போகும், ஆள் ஹேண்டில் மேல் சாய்வார். வாகனங்களுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும்?

பின்மிதி பிரேக் (பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிப்பது) சேர்ந்து வரும் ஹப்பில் இன்னொன்று: செயின் கழன்றால் அந்த பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். முன் பிரேக் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது.

அச்சாணி

இரண்டும் உண்மைதான். முதலாவதுக்கு மருந்து கேபிள் சரிசெய்தல், ஒரு நிமிட வேலை. புது கேபிள் முதல் சில வாரம் நீளும், அப்போது மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். கியர் மாற்றும் நொடியில் கால் அழுத்தத்தை விடுவதும் பழக வேண்டும். அழுத்தியபடியே மாற்றினால் உள்ளிருக்கும் பிடிகொக்கிகளின் முனை தேய்ந்து, பிறகு சரிசெய்தாலும் நழுவும்.

ஆனால் வெளி கியர் செயின் பராமரிப்பையும் பேசுங்களேன். அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

மேட்டுவழி

தாண்டவில்லை. மழையில் ஓடிய அன்று மாலையே துணியால் துடைத்து, ஒவ்வொரு ரோலர் மேலும் ஒரு சொட்டு ஆயில், பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். ஆயில் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் அது மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். டிஸ்க் பிரேக் இருந்தால் ஸ்ப்ரே ஆயில் வேண்டவே வேண்டாம். பிரேக் தட்டான ரோட்டரில் ஒரு துளி பட்டாலும் பேட் கெட்டு, பிரேக் பிடி விடும்.

தேய்மானத்தை இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு ஊசியிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசி வரை 304.8 மி.மீ. 8 முதல் 10 கியர் அடுக்குக்கு அது 307ஐத் தொட்டால் செயினை மாற்றுங்கள். 11, 12 கியரில் 306.3க்கே மாற்ற வேண்டும். அதைத் தாண்டவிட்டால் பின் பல்சக்கரங்களும் அதே நீளத்துக்குத் தேயும். புதுச் செயின் போட்டவுடன் பல் தாண்டும், அடுக்கையும் வாங்க வேண்டி வரும்.

நடுவழி

இந்த அளவும் துடைப்பும் எத்தனை பேர் செய்வார்கள் என்பதே என் கேள்வி. வெளி கியர் நல்லதா என்று பார்ப்பதைவிட, துடைக்காமல் விட்டால் எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்து திரும்புகிறவர் களைப்பில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போவார். திறந்தவெளியில் இரவு முழுக்க நனையும் செயின் ஒரே வாரத்தில் துருவேறும். மூடிய செயின் அதே புறக்கணிப்பில் மாதக்கணக்கில் ஓடும். ஹப் கியருக்கு 1 சதவீத நீட்சி வரை, அதாவது 307.8 மி.மீ. வரை விடலாம். செயின் பக்கவாட்டில் வளையாமல் ஓடுவதால் அங்கே போய்ச் சேரவே நாளாகும்.

மேட்டுவழி

அந்தக் கவரைத் திறந்து பார்க்காமலே விட்டு, உள்ளே செயின் தொங்கிக் கவரில் உரசும் சைக்கிள்கள் எத்தனை! மூடி வைத்தது கண்ணில் படாது, கண்ணில் படாதது கவனிக்கப்படாது. அதோடு ஹப் உள்ளே கெட்டால் எல்லா மெக்கானிக்கும் திறக்க மாட்டார்கள். ஹேங்கர் வளைந்தால் நிமிர்த்தவோ மாற்றவோ ஆள் கிடைப்பார். சின்ன நழுவலென்றால் கேபிள் முனைத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினாலே போதும். சின்னப் பல்லிலிருந்து அடுத்ததுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாக, ஏறி அதற்கும் அடுத்ததில் உரசினால் வலஞ்சுழியாக.

மேடு இருக்கிற பாதையில், தன் கையால் திருகத் தெரிந்தவருக்கு வெளி கியர். இதிலிருந்து நான் நகரவில்லை.

நடுவழி

பழைய சைக்கிள் வாங்குகிறவருக்கு இரண்டையும் எப்படிச் சோதிப்பது? அதைச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு உதவும்.

டயர்லீவர்

ஹப் கியர்: முதலில் மஞ்சள் கோட்டைச் சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். சரிபார்க்காமல் ஓட்டினால் நல்ல ஹப்பும் கெட்டதாகத் தெரியும். ஒவ்வொரு கியரிலும் சிறு மேட்டில் அழுத்திப் பாருங்கள். டிக் டிக் சத்தம் குறை அல்ல. அரைபடும் சத்தமும், கேபிள் சரியாக இருந்தும் நழுவுவதும்தான் குறை. சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ரிம்மில் லேசான ஆட்டம் என்றால் கோன் (பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) சரிசெய்யலாம், கடகடவென்றால் விட்டுவிடுங்கள். பின்னே அச்சுத் துளையில் அந்த நாக்கு வாஷர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வெளி கியர்: ஸ்கேலை எடுத்துப் போய்ச் செயினை அளங்கள். பின்னால் குனிந்து பார்த்தால் டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிப் பார்க்கவே வேண்டாம், டீரெய்லர் ஸ்போக்கில் மாட்டினால் சக்கரமும் போய்விடும்.

ரிம் பிரேக் வைத்த சைக்கிள் எதுவானாலும் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தாலோ, தேய்மானத்தைக் காட்டும் பள்ளக்கோடு மறைந்திருந்தாலோ ரிம்மை மாற்ற வேண்டும். ஹப் கியர் சக்கரத்தில் அது மொத்த ஸ்போக்கையும் பிரித்துக் கட்டும் வேலை. அதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.