காதில் விழாத ‘ட்’: இங்கிலீஷ் வகுப்பில் பட்ட பாடு

ரங்கூனிலிருந்து, ட்யூஷன் டீச்சர்:

கோடிட்ட இடம் இருபதையும் தப்பில்லாமல் நிரப்பிய பையன், ‘ஐ லிவ்ட் இன் தாட்டோன்’ என்று நான் சாதாரண வேகத்தில் சொன்னதைக் கேட்டு ‘ஐ லிவ் இன் தாட்டோன்’ என்று எழுதி வைத்தான். அவன் மட்டுமில்லை, வகுப்பில் முக்கால்வாசிப் பேர். இறந்தகாலம் தெரியாமல் இல்லை, அந்த ‘ட்’ காதில் விழவே இல்லை.

தப்பு என்னுடையதுதான். வருஷக்கணக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்துக்காட்டியே பழக்கிவிட்டேன், கடைசியில் என் இங்கிலீஷ் மட்டும்தான் அவர்களுக்குப் புரிந்தது. இயல்பாகப் பேசும்போது அது ‘லிவ்டின்’ என்று ஒட்டிக்கொள்ளும். நம் புணர்ச்சிதான், தமிழும் அரசியும் சேர்ந்து தமிழரசி ஆகிற மாதிரி. இதைச் சொன்னதும் வீட்டில் தமிழ் படிக்கிற இரண்டு பெண்கள் பட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பர்மிய மொழியில் சொல்லின் கடைசியில் க், ட், ப் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும், அதையே பேசி வளர்ந்த நம் பிள்ளைகளும் இங்கிலீஷில் அதை விழுங்கிவிடுகிறார்கள். என் தாத்தா நேர்மாறு: ‘வொர்க்டு’, ‘பஸ்ஸு’ என்று எதற்கும் ஒரு ‘உ’ வைப்பார், ஆனால் அவர் பேச்சில் இறந்தகாலம் ஒருநாளும் தொலைந்ததில்லை!

இப்போது டிக்டோகிளாஸ் என்ற கேட்டு எழுதும் பயிற்சி செய்கிறேன். புதுசு என்கிறார்கள், ஆனால் 1990லேயே இதற்குத் தனிப் புத்தகம் வந்துவிட்டது. நாலைந்து வாக்கியம், இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசிப்பேன். முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது, இரண்டாவதில் கையில் அகப்பட்ட சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். அப்புறம் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து அதே கதையைத் திரும்பக் கட்டவேண்டும், வார்த்தைக்கு வார்த்தை அல்ல, பொருளும் இலக்கணமும் நின்றால் போதும். ‘நேற்று என்று வந்ததே, அப்புறம் எப்படி லிவ்?’ என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும் பாருங்கள், நான் கரும்பலகையில் ஒரு மாதம் கத்தியும் வராத சண்டை அது. கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

மோல்மீனிலிருந்து:

அக்கா, நான் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ ஆடியோ பாடங்களை இறக்கி வைத்துக்கொள்கிறேன், கரண்ட் போனாலும் போனில் ஓடும். எழுத்து வடிவத்தை முதலிலேயே கொடுத்தால் வாசித்துவிட்டுக் கேட்டதாக நடிக்கிறார்கள். அதனால் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுப்பேன்.

இன்னொருவர், முன்பு ரங்கூனில் ஓட்டல் வேலை:

நான் டீச்சர் இல்லை. ஒரு அமெரிக்கர் ‘வீ கேன்ட் டேக் த மார்னிங் பஸ்’ என்றார், என் காதில் ‘கேன்’ என்றுதான் விழுந்தது, பகானுக்கு நாலு டிக்கெட் போட்டுவிட்டேன். அப்புறம்தான் ஒரு சயாமா (பர்மியில் டீச்சரம்மா) சொன்னார்: முடியும் என்றால் அந்தச் சொல்லை ‘கன்’ என்று லேசாகத் தட்டிவிட்டுப் போவார்கள், முடியாது என்றால்தான் அழுத்திச் சொல்வார்கள், கடைசி ‘ட்’டுக்காகக் காத்திருக்காதே என்று. பள்ளியில் படித்த பத்து வருஷத்தில் இதை யாரும் சொல்லவில்லை. டிக்கெட் பணம் என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.