140 டெஸ்டும் பாஸ், ஆனால் ஏழு வாரத்தில் போர்டு மீட்டரைக் கைவிடுகிறது

வெள்ளவத்தை_சீ:
எங்கள் போர்டில் எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர். மீட்டரோடு பேசுவது மொட்பஸ் ஆர்டியு என்ற சீரியல் முறையில்: விநாடிக்கு 9600 பிட், 8ஈ1 (8 தரவு பிட், இரட்டைப் பரிட்டி, ஒரு ஸ்டொப் பிட்). விநாடிக்கு ஒருதரம் மின்மானியை (மீட்டரை) வாசித்து உள் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுது. 500 மில்லிவிநாடிக்குள் பதில் இல்லையென்றால் திரும்பக் கேட்கும். மூன்று தரம் தவறினால் ரீசெட் வரை மீட்டரை ஒதுக்கிவிடும். சீ மொழி நிரலை (கோட்) ஏஐ மொழி மொடலுக்குக் கொடுத்து, யூனிட்டி என்ற சீ டெஸ்ட் கருவியில் 140 டெஸ்ட் எழுதுவித்தோம். டெஸ்டில் எத்தனை வரி ஓடியது என்று அளக்கும் ஜீகொவ் 92% காட்டுது. ஆனால் ஏழு வாரம் ஓடினதும் சில போர்டுகள் மட்டும் மீட்டரை ஒதுக்கிவிடுது. மொடலுக்குக் கொடுக்கும் ப்ரொம்ப்டில் (கட்டளையில்) என்ன மாற்ற வேணும்?

ஹெக்ஸ்_அண்ணை:
ஏழு வாரம் என்றாலே டிக்கை (போர்டின் நேர எண்ணியை) பாருங்கோ. 32 பிட் மில்லிவிநாடி எண்ணி 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். "இப்போது < தொடக்கம் + 500" உண்மையாயிருக்கும் வரை காத்திரு என்று எழுதியிருப்பீர்கள். தொடக்கம் 4294967000 என்றால் கூட்டுத்தொகை 32 பிட்டில் சுற்றி 204 ஆகிவிடும். காத்திருக்காமலே டைம்அவுட், மூன்று தரமும் ஒரே மூச்சில். எண்ணி பூச்சியமாவதற்கு முந்தைய கடைசி 500 மில்லிவிநாடிக்குள் கேள்வி விழுந்தால்தான் இது நடக்கும், அதனால்தான் சில போர்டுகள் மட்டும். "இப்போது − தொடக்கம் < 500" என்று மாற்றுங்கோ.

டெஸ்ட் பிடிக்காததற்குக் காரணம், மொடல் உங்கள் கோடைப் படித்து அது செய்வதையே சரியென்று எழுதியது. .சீ கோப்பைக் காட்ட வேண்டாம். ஹெடரையும் (ஃபங்ஷன்களின் அறிவிப்பு மட்டும் உள்ள கோப்பு) தேவைக் குறிப்பையும் மட்டும் கொடுங்கோ. எதிர்பார்க்கும் எண்களையும் நீங்களே கொடுங்கோ: "123456789"க்கு மொட்பஸ் சீஆர்சி (பிழை சரிபார்க்கும் எண்) 19255, கம்பியில் முதலில் 55 என்ற பைட், பிறகு 75. பிரேம்களுக்கு (செய்திகளுக்கு) இடையில் 3.5 எழுத்து நேர இடைவெளி, எழுத்துக்கு 11 பிட் என்பதால் 38.5 பிட், 4.01 மில்லிவிநாடி.

இன்னொன்று: டிக்கை அன்சைன்ட் லோங் என்ற எண் வகையில் வைத்திருந்தால், டெஸ்ட் ஓடும் 64 பிட் லினக்ஸ் கணினியில் அது 64 பிட். டெஸ்டுக்கு நீங்களே கொடுக்கும் போலி டிக்கை 4294967000இல் தொடங்கினாலும் பூச்சியத்துக்குச் சுற்றவே மாட்டாது. நிலையான 32 பிட் வகைக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கோ.

மியூட்டன்ட்:
அண்ணை சொன்னதோடு, 92% ஐ நம்ப வேண்டாம். வரி ஓடியதா என்றுதான் ஜீகொவ் சொல்லும், அதன் விடையை ஏதாவது டெஸ்ட் சரிபார்த்ததா என்று சொல்லாது. கோடில் வேண்டுமென்றே சீஆர்சியின் இரண்டு பைட்டையும் இடம்மாற்றிப் பாருங்கள், மூன்று தரத்தை நான்காக்கிப் பாருங்கள். ஒரு டெஸ்டும் சிவக்காவிட்டால் (ஃபெயில் ஆகாவிட்டால்) அந்த 140 வெறும் அலங்காரம். டெஸ்ட் ஃபோல்டரையும் மொடல் தொடாதபடி பூட்டுங்கள். ஃபெயில் ஆனால் மொடல் கோடைத் திருத்தாமல் அசர்ட்டை (டெஸ்டில் விடையைச் சரிபார்க்கும் வரியை) தளர்த்திவிடும்.

ரிலே:
ஃபிளாஷில் எழுதுவதால் எழுதும் நடுவில் மின்னை வெட்டிப் பார்க்கவேணும். ஃபிளாஷின் ஒரு பேஜை (பகுதியை) அழிக்க 20–40 மில்லிவிநாடி. அழிக்கத் தொடங்கியதிலிருந்து 0–60 மில்லிவிநாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் வெட்டுங்கள், அதே கணத்தைத் திரும்பக் கொண்டுவர ரேண்டம் சீடை (தொடக்க எண்ணை) லொக்கில் எழுதி வையுங்கள். வெட்ட ரிலே சுவிட்ச் வைத்தால் அதன் தொடுமுனை துள்ளும், பீ சனல் மொஸ்ஃபெட் (ட்ரான்சிஸ்டர் சுவிட்ச்) நல்லது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். வெட்டின பிறகும் 3.3 வோல்ட் ரெயிலில் (மின் வழங்கும் கோட்டில்) 1.5, 2 வோல்ட் நின்றால், கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி-சீரியலின் டீஎக்ஸ் (அனுப்பும்) காலாலே போர்டுக்கு மின் ஏறுது. அந்தக் கம்பியையும் சேர்த்து விலக்கவேணும், இல்லாவிட்டால் நீங்கள் வெட்டவேயில்லை. பாஸா ஃபெயிலா என்பதை ஸ்கிரிப்ட் சொல்லட்டும். மொடலிடம் லொக்கைக் கொடுத்துக் கேட்டால் ஒவ்வொரு தரமும் ஒரே பதில் வராது.

வெள்ளவத்தை_சீ:
32 பிட் வகைக்கு மாற்றி, போலி டிக்கை 4294967000இல் தொடங்கினதும் முதல் ஓட்டத்திலேயே சிவந்தது. முன்பு இருந்தது அன்சைன்ட் லோங்தான்.