சாயப்பட்டறை கழிவுநீர்த் தொட்டி வேலை: சூப்பர்வைசர், பொறியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியை எப்படி அமைப்பது?

பெருந்துறை_பிளாண்ட்:
வணக்கம். எங்கள் சாயப்பட்டறைக்குச் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஈக்வலைசேஷன் டேங்க் (வரும் கழிவுநீரைச் சேர்த்துக் கலக்கும் தொட்டி), ஸ்லட்ஜ் டேங்க் (கசடுத் தொட்டி) இரண்டையும் ஆள் இறக்கித்தான் சுத்தம் செய்கிறோம். 12 சூப்பர்வைசர்கள், 4 பொறியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர நிர்வாகம் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறது. வெளிப் பயிற்சியாளர் அனுப்பிய ஸ்லைடு 180 பக்கம். ஹெல்மெட் நிறம், தீயணைப்பான் வகை, சட்டப் பிரிவு என்று எல்லாம் இருக்கிறது, தொட்டிக்கு மட்டும் 6 பக்கம். எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? நான்கு வாயு மீட்டர் (ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு அளப்பது) ஒன்று, காற்று ஊதும் ப்ளோயர் ஒன்று, சிலிண்டர் மூச்சுக்கருவி 2 செட் கைவசம் உள்ளன. ஆளை மேலே தூக்கும் மூன்று கால் ட்ரைபாட் இல்லை.

பெர்மிட்_மேசை:
ஸ்லைடை ஓரம் வையுங்கள் சார். தொட்டி வாயில் நிற்கும் சூப்பர்வைசர் எடுக்க வேண்டிய முடிவுகள் நாலுதான்: இறக்கலாமா, எப்போது ஏறச் சொல்வது, நின்றுபோன வேலையை மறுபடி எப்போது தொடங்குவது, உள்ளே ஒருவர் விழுந்தால் என்ன செய்வது. இரண்டு நாளும் இந்த நாலுக்கே போகட்டும். வகுப்பறைக்குக் காலை இரண்டு மணி நேரம் போதும்.

அடுத்து பெர்மிட் (தொட்டிக்குள் இறங்க எழுதித் தரும் அனுமதிச் சீட்டு) பயிற்சி. வேண்டுமென்றே தப்பாக நிரப்பிய நாலைந்து பெர்மிட்டுகளை இருவர் இருவராகக் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாயுச் சோதனை 7.10க்கு, ஆள் இறங்கியது 10.40க்கு. மேல்மட்ட அளவு மட்டும் இருக்கிறது, நடுவும் அடியும் காலி. தனிமைப்படுத்தல் (தொட்டிக்கு வரும் லைன்களை அடைத்துப் பூட்டுவது) என்ற கட்டத்தில் ‘வால்வு மூடப்பட்டது’ என்று மட்டும், பூட்டு எண் கிடையாது. வெளியே காவல் நிற்கும் ஹோல்வாட்ச் பெயரே உள்ளே இறங்குவோர் பட்டியலிலும் இருக்கிறது. நம் ஊரில் நடப்பவை இவைதான், எல்லாம் மேசையில் உட்கார்ந்தே கையெழுத்துப் போடுவதால் வருபவை. எதை அவர்கள் கவனிக்காமல் விட்டார்களோ, மதியத்துக்கு அதுதான் பாடம்.

சட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம் வைத்தால் போதும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே தெளிவாக எழுதி வைத்தது: தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவியும் பெல்ட்டும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று 36ஏ சொன்னது. 230 வோல்ட் ஹாலஜனைத் தொட்டிக்குள் தொங்கவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

மீட்டர்_கை:
மீட்டர் பகுதியை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேலிப்ரேஷன் சர்டிபிகேட் (மீட்டர் சரியாக அளக்கிறது என்ற சான்று) செல்லுபடியாக இருப்பது மட்டும் போதாது. தினமும் உபயோகிக்கும் முன் சோதனை வாயுவைக் காட்டி சென்சார் விழிக்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் டெஸ்ட் (bump test) என்பது இதுதான். எரிவாயு சென்சார் சிலிகோன் ஸ்பிரே பட்டால் செத்துவிடும், ஆனால் திரையில் அழகாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும்.

வரிசை: ஆக்சிஜன், எரிவாயு, நச்சுவாயு. ஆக்சிஜன் ஏன் முதலில் என்றால், எரிவாயு சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். எல்லைகள்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரிவாயு எல்.இ.எல்-லில் (தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு) 10 சதவீதத்துக்குக் கீழ். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அலாரத்தைப் பெரும்பாலும் 10 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வைப்பார்கள். ஆனால் ஆக்சிஜன் 20.4 காட்டினால் ‘எல்லைக்குள்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. இயல்பு 20.9. வேறொரு வாயு காற்றைத் தள்ளியதால் அரை சதவீதம் குறைந்திருந்தால், அந்த வாயு ஏறக்குறைய 2.4 சதவீதம், அதாவது 24,000 பிபிஎம் உள்ளே இருக்கிறது. காரணம் தெரியாமல் ஆளை இறக்க வேண்டாம்.

குழாய் வைத்துக் காற்றை இழுத்தால் குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 3 விநாடி, அதோடு சென்சாருக்கு ஒரு நிமிடம். 6 மீட்டர் குழாய்க்கு ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றரை நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். இறக்கியதும் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, ஸ்லட்ஜ் கலங்காமல் கிடக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யமாகவே இருக்கும். கால் வைத்து மிதித்ததும் அடைபட்டிருந்தது நூற்றுக்கணக்கில் வெளியேறும். வெளியிலிருந்து தண்ணீர் ஜெட் அடித்துக் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். வேலை முடியும்வரை மீட்டர் இறங்கியவர் நெஞ்சில் இருக்கட்டும். 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துவிடும், ‘நாத்தம் போயிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் அதுதான் வெளியே கூப்பிட வேண்டிய நேரம்.

ஒரு செட் மீட்டர் போதாது. வெளியே சோதிக்க ஒன்று, உள்ளே போட ஒன்று.

ப்ராசஸ்_பக்கம்:
நாலு பொறியாளர்களையும் அரை நாளாவது தனியே உட்கார வையுங்கள், அவர்களுக்கான கேள்விகளே வேறு.

தொட்டிக்கு எந்தெந்த லைன் வருகிறது என்று படம் வரையச் சொல்லுங்கள். சல்ஃபர் பிளாக் (கறுப்புச் சாயம்) ஓட்டும் பட்டறையா? அந்தச் சாயத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். நியூட்ரலைசேஷனுக்கு (காரத்தன்மையைச் சமன்செய்ய) விடும் ஆசிட் அதோடு சேர்ந்தால் அந்த இடத்திலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு. ப்ளீச்சிங் ஹைப்போவோடு (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிட் சேர்ந்தால் குளோரின், அதை நான்கு வாயு மீட்டர் காட்டவே காட்டாது. ஆகவே ஆள் உள்ளே இருக்கும்போது ஆசிட் போன்றவற்றை விடும் டோசிங் பம்புக்கும் பூட்டு வேண்டும், சாய மெஷின் வடிகாலுக்கும் வேண்டும். வால்வு மூடினால் போதாது, ஃபிளாஞ்சுக்கு (குழாய் இணைப்பு) நடுவே பிளைண்ட் தகடு (ஓட்டையில்லாத அடைப்புத் தகடு) போட வேண்டும். ஒவ்வொருவர் பூட்டும் தனி, சாவி அவரவர் பையில்.

ப்ளோயர் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். 6×4×3 மீட்டர் தொட்டி 72 கன மீட்டர். மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டுமென்றால் 1,440 கன மீட்டர், சுமார் 850 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). லேபிளில் உள்ள சிஎஃப்எம் குழாய் மாட்டாத அளவு, குழாயும் இரண்டு வளைவும் சேர்ந்தால் நன்றாகக் குறையும். குழாய் முனை மேன்ஹோலுக்கு எதிர்மூலையில், ஸ்லட்ஜுக்கு அரை மீட்டர் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊதிய காற்று அதே வாயில் திரும்பி வந்துவிடும். உறிஞ்சும் பக்கம் ஜெனரேட்டர் புகைக்கு அருகே வைக்காதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டு ‘காற்றோட்டம்’ காட்டும் யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், துணி தீப்பிடித்தால் அணைக்க முடியாது.

பெருந்துறை_பிளாண்ட்:
மிகவும் உதவியாக இருந்தது. மூச்சுக்கருவி இரண்டு இருக்கிறதே, ட்ரைபாட் இல்லாமல் சமாளிக்கலாமா? பட்ஜெட் அடுத்த காலாண்டில்தான்.

பெர்மிட்_மேசை:
முடியாது சார். 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம், காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்கும் இருப்பைக் கழித்தால் இன்னும் குறையும், ஆளைத் தூக்கும் பரபரப்பில் அதுவும் நிற்காது. 600 மில்லிமீட்டர் மேன்ஹோலில் முதுகில் சிலிண்டரோடு இறங்குவதே சிரமம், மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் நாள் மதியம் மேல்தளத்தில் பலகையில் 600 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, கீழே 70 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் (உடலில் மாட்டும் பட்டை) மாட்டி, இரண்டு பேரை வெறும் கயிற்றால் தூக்கச் சொல்லுங்கள். மேலாளரையும் கூப்பிட்டு ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுங்கள். மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம்தான் தாங்கும், பர்ச்சேஸ் ஆர்டர் தானாக நகரும்.

அதே பயிற்சியில் ஹோல்வாட்ச் வேலையையும் சோதியுங்கள். அலாரம் அடித்ததும் அவர் கத்த வேண்டும், வின்ச் (ட்ரைபாட் வந்ததும் அதில் மாட்டிய கயிறு சுற்றும் கருவி) சுற்ற வேண்டும், 108க்குச் சொல்ல வேண்டும். தலையை உள்ளே நீட்டினாலே தோல்வி என்று மதிப்பெண் போடுங்கள், காப்பாற்றப் போனவரும் சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் ‘வெளியே வா’ என்பதை இந்தியிலும் விசில் சைகையிலும் எல்லோரும் பழக வேண்டும்.

ட்ரைபாட் வரும்வரை வேக்கம் டேங்கர் வைத்து மேலிருந்தே ஸ்லட்ஜை உறிஞ்சுங்கள்.