சிறுநீர்ப்பைக் கழுத்து அடைப்புக்கு லேசர் சிகிச்சை: செய்துகொண்டவர்களின் அனுபவம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சிறுநீர் கழிக்கப் போனால் முதல் சொட்டு விழுவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அதன்பிறகும் நூல் போலத்தான் வருகிறது, வந்து படுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் எழ வேண்டும். இரண்டு ஆண்டுகள் புராஸ்டேட் அழற்சி என்றே எண்ணி மருந்து சாப்பிட்டேன். பிறகு சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ பரிசோதனையில் அதிகபட்ச வேகம் நொடிக்கு 7 மில்லிலிட்டர்தான் என்றும் (15-க்கு மேல் இருப்பதே பொதுவாக இயல்பு), கழித்த பின்னரும் பையில் 140 மில்லிலிட்டர் தங்குகிறது என்றும் தெரிந்தது. புராஸ்டேட் பெரிதாகவில்லை, பையின் கழுத்துத் தசைதான் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க மறுக்கிறது என்பது, பையின் அழுத்தத்தையும் சிறுநீர் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையில்தான் உறுதியானது.

அந்தத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை ஓரளவே உதவியது. எழுந்து நின்றால் தலைசுற்றல் வேறு. சிறுநீர்த் துளை வழியாகவே கருவியைச் செலுத்தி, கடிகார முகப்பில் 5 மணியும் 7 மணியும் இருக்கும் இடங்களில் கழுத்துத் தசையை ஹோல்மியம் லேசரால் கீறிவிடலாம் என்கிறார் மருத்துவர். வெளியில் வெட்டோ தையலோ இல்லை என்பதால் அறுவை சிகிச்சைக்கு நான் பயப்படவில்லை. விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிவிடக்கூடும் என்பதில்தான் தயக்கம். இரண்டாவது குழந்தை பற்றி நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கீறினால் அந்த அபாயம் குறையும் என்கிறார்கள்.

இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், உங்களுக்கு ஒரு பக்கம் கீறினார்களா இரு பக்கமுமா, கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) எத்தனை நாள் இருந்தது, தழும்பு விழுந்து அடைப்பு திரும்பியதா, விந்தணுவை முன்கூட்டியே உறைநிலையில் சேமித்தீர்களா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். பொதுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் அனுப்பினாலும் போதும்.