வெள்ளம் வருமுன் குடியிருப்புத் தலைவர்களுக்கு என்ன பயிற்சி?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): எங்கள் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் குடியிருப்பாளர்) குழுவில் 12 பேர். ஒருநாள் பயிற்சியில் எதை முதலில் சொல்லித்தரலாம்?

பதில்: வீட்டுப் பட்டியல்தான், அண்ணே. ஆளுக்கு 15 வீடு. படுக்கையில் இருப்போர், டயாலிசிஸ் செய்வோர், கைக்குழந்தை, மாற்றுச்சாவி யாரிடம் என்று தாளில் எழுதவையுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் பட்டியலும் போச்சு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் விடுபடுவார்கள்.

பதில்: அரசின் வெள்ளத் தகவல் தளமான இன்ஃபோ பஞ்சிரில் ஆற்றுமட்டம் பார்க்கப் பழக்குங்கள். 'பஹாயா' (அபாயம்) நிலை வரும்வரை காத்திருந்தால் முதியோரை நகர்த்த நேரமிருக்காது; அதற்கு முந்தைய 'அமாரான்' (எச்சரிக்கை) என்றதுமே கிளப்பிவிடுங்கள். கடல் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கனமழை பெய்தால் வடிகால் நீர் கடலில் இறங்காமல் தெருவுக்கே திரும்பும்.

பதில்: தண்ணீர் வாசலைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்கணும்; ஈரத்தில் நின்று தொடவே கூடாது. ஒத்திகையை ஒருமுறையாவது இரவில் வையுங்கள்.