தண்ணீருக்குத் தோண்டினால் கரி, கரிக்குத் தோண்டினால் தண்ணீர்

வடலூரான்:

சுரங்கம் என்றதும் எல்லோரும் கரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு குழாய்.

என் சித்தப்பா நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டராக இருந்தவர். பக்கெட் வீல் என்பது சுற்றிலும் பக்கெட் மாட்டிய பெரிய சக்கரத்தால் மண்ணை வெட்டி அள்ளும் ராட்சத இயந்திரம். நான் எட்டாவது படிக்கும்போது ஓர் ஆயுத பூஜைக்குச் சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார். அவர் ஓட்டியது ‘1400 லிட்டர்’. ஒரு பக்கெட்டில் எவ்வளவு மண் கொள்ளும் என்பதை வைத்தே அங்கே இயந்திரத்தைச் சொல்வார்கள். அதில் குலையோடு இரண்டு முழு வாழை மரங்களைக் கட்டியிருந்தார்கள். கிட்டே போன பிறகுதான் அவை வாழை மரங்கள் என்றே தெரிந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். சக்கரம் நின்றிருந்தது, பெல்ட்டும் நின்றிருந்தது. ஆனால் எங்கிருந்தோ ‘கும்’ என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டே இருந்தது.

“இன்னைக்குமா ஏதோ ஓடுது சித்தப்பா?”

“பம்புடா அது. தீபாவளி, பொங்கல், ஸ்டிரைக் எதுக்கும் நிறுத்த முடியாது. வா இங்க.”

என் கையைப் பிடித்து ஒரு பெரிய இரும்புக் குழாய் மேல் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, லேசாக நடுங்கியது.

விஷயம் இதுதான். கரிக்கு அடியில் மணல், அந்த மணலுக்குள் அடைபட்ட தண்ணீர். அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. இத்தனை நாள் அதை அமுக்கி வைத்திருந்தது மேலே இருந்த மண்ணும் கரியும்தான். அவற்றை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு தண்ணீர் பொங்கும். அதனால் ஆழ்துளை போட்டு ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருக்கிற மண்ணும் லேசுப்பட்டதில்லை. ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணைத் தள்ள வேண்டும். நடுவே வரும் கடலூர் மணற்கல் பக்கெட் பல்லையே தின்றுவிடும், சில இடங்களில் வெடி வைத்துத்தான் உடைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத்தான் தோண்டினார். கரி வந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் கரி வெளியே தெரிந்தது. அங்கே தண்ணீருக்குத் தோண்டினால் கரி, கரிக்குத் தோண்டினால் தண்ணீர்.

உங்களில் யாருக்காவது இப்படிக் கரியைத் தவிர்த்து வேறு ஏதாவது கைக்குக் கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

விருத்தாசலம் பொம்மைக்காரன்:

எங்களுக்குக் கிடைத்தது வெள்ளைக் களிமண். கரிக்கு மேலே இருக்கிற மண்ணோடுதான் அதுவும் வருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நிலைத்ததற்கு அந்த மண் பக்கத்திலேயே கிடைத்ததும் ஒரு காரணம். கொலு பொம்மை, அகல், பழைய வீடுகளில் இருக்குமே வெள்ளை பியூஸ் கேரியர், எல்லாம் செய்திருக்கிறோம்.

அப்பா மண் வாங்கும் விதமே தனி. ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைப்பார். ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் கடைவாயில் நறநறவென்று கடித்துப் பார்ப்பார், மணல் கலந்திருந்தால் பல்லே சொல்லிவிடும். ஒரு தடவை அவர் ஊரில் இல்லாதபோது புரோக்கர் ஒருவரிடம் நானே ஒரு லோடு இறக்கினேன். பார்க்கப் பால் மாதிரி இருந்தது. கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, சூளையில் வைத்து எடுத்தால் பிள்ளையார் எல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி நிற்கிறார். மண்ணில் இரும்பு. அந்த ஒரு லோடை வைத்து அப்பா ஒரு வருஷம் பேசினார்.

அதனால் சொல்கிறேன். நல்ல களிமண்ணைத் தனியாகப் பிரித்து எடுத்தால்தான் அது சரக்கு. மற்ற மண்ணோடு சேர்த்துக் குவியலில் கொட்டிவிட்டால் வெறும் மேடு. மேல்மண்ணும் அப்படித்தான். முதலிலேயே சீவி எடுத்துத் தனியாக வைத்து, கடைசியில் மேலே பரப்பினால்தான் அந்த மேட்டில் முந்திரியாவது பிடிக்கும்.

பெருமாள் ஏரிப் பாசனம்:

வடலூரான் அண்ணே, நீங்கள் கை வைத்துப் பார்த்த குழாய்த் தண்ணீரில்தான் நான் நாற்று விட்டிருக்கிறேன். சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் எங்கள் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. சித்திரையில் மற்ற ஏரிகளில் மாடு மேயும்போது எங்கள் மதகில் தண்ணீர் ஓடும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். எனக்கு உள்ளூரப் பயம்தான். மழையை நம்பிய ஏரி இப்போது பாதி பம்பை நம்பி இருக்கிறது. கரி தீர்ந்து பம்பை நிறுத்துகிற அன்றைக்கு எங்கள் மதகுக்கு யார் பதில் சொல்வது?

என் மாமனார் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். 2023 ஏப்ரலில் ‘சேத்தியாத்தோப்பு கிழக்கு’ என்ற பழுப்பு நிலக்கரிப் பகுதியைச் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, நிலம் தப்பியது என்று அவர் பால் பாயசம் வைக்கச் சொன்னார். அன்று ராத்திரியே, “நம்ம பேரனுக்கு வேலைக்கு என்ன வழி?” என்றும் கேட்டார். இரண்டுமே அவர்தான்.

பாகூர்க்காரன்:

புதுச்சேரியிலிருந்து நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான், உங்களுக்கு முன்னாலேயே. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1880களில், தானாகப் பொங்குகிற ஆர்ட்டீசியன் கிணறு போடும்போது பாகூரில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. எங்களுக்குத் தண்ணீர்தான் பெரிதாக இருந்தது, கரி அப்படியே கீழே கிடக்கிறது. மோட்டார் இல்லாமலே தண்ணீர் வந்த பழைய கிணறு ஒன்று எங்கள் கொல்லையில் இருந்தது. தாத்தா அதற்குக் கீழே தொட்டி கட்டி மாடு கழுவுவாராம். நான் பார்த்தது வாய் அடைபட்ட இரும்புக் குழாயை மட்டும்தான்.

வடலூரான்:

பாகூர்க்காரரே, எங்கள் பக்கமும் பெரியவர்கள் அந்தப் பொங்கும் கிணறுகளைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது என் ஆழ்துளைக் கிணற்றில் வருஷத்துக்கு வருஷம் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போட மாட்டேன். கரும்புக்கும் சவுக்குக்கும் நாங்கள் இறைப்பதும் கொஞ்சமில்லை. ஆனால் கரியை டன் கணக்கில் சொல்கிறவர்கள், வெளியே வந்த தண்ணீரையும் அதே வரியில், அதே பெருமையோடு சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதுவும் பூமியிலிருந்து எடுத்ததுதானே?

சித்தப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ராத்திரியில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, “பம்பு நின்னுடுச்சா?” என்கிறார். சித்திதான் சமாதானம் சொல்லிப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் கொல்லையில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார். இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரட்டுமா?